அருள்புரம் மாடியில் ஆடிய சனி

சனிக்கோளின் வளையம் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நமக்கு விளிம்பைக் காட்டி நூலாக மெலியும். 2009 மார்ச்சில் அதைப் படமெடுக்கக் கிளம்பினேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அடுத்த முறை என் கண் எப்படி இருக்குமோ.

திருப்பூருக்குள் எங்கும் விளக்கு வெளிச்சம், புகை. எனக்குத் தெரிந்த இருட்டான மாடி ஒன்றுதான்: ஊருக்கு வெளியே அருள்புரத்தில், ஆர்டர் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் என் மச்சானின் பனியன் கம்பெனி. பன்னிரண்டு வருடம் அங்கே மேனேஜராக உழைத்த என்னை, பங்கு கேட்டேன் என்று வெளியே அனுப்பிய மகானுபாவன். அவனிடம் அனுமதி கேட்கவில்லை. வாட்ச்மேன் பழனியப்பனிடம் கேட்டேன்.

பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து அருள்புரத்துக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். டிரைவர் தொலைநோக்கிக் குழாயைத் தட்டிப் பார்த்து, "ஏனுங்க, போர்வெல் பைப்புங்களா? தண்ணி வந்தாச் சொல்லி உடுங்க," என்றார்.

எட்டு மணிக்குச் சனி நல்ல உயரத்துக்கு வந்தது. தொலைநோக்கியில் வெப்கேமைப் பொருத்தி லேப்டாப்பில் பார்த்தால், படம் அதிர்கிறது. துளிக் காற்று இல்லை. சில நொடி அதிர்வு, சட்டென்று நிற்கும், மறுபடி அதிர்வு. தைக்கிறவர் ஒரு பீஸை முடித்து அடுத்ததை எடுக்கும் இடைவெளி அது. எனக்கா தெரியாது?

"கீழ ஏதாச்சும் ஓடுதா?"

"கரண்டே இல்லீங்க சார். ஃபியூஸைப் புடுங்கி மாசக்கணக்காச்சுங்க," என்றார் பழனியப்பன்.

டார்ச்சோடு இறங்கிப் பார்த்தேன். பாலித்தீன் போர்த்திய மெஷின்கள், வரிசையாக. ஒன்றின் மேல் உள்ளங்கையை வைத்தேன், அசைவில்லை. மாடிக்குத் திரும்பினால் சனி ஆடிக்கொண்டிருந்தது.

எட்டரைக்குப் படம் அப்படியே நின்றது. மஞ்சள் உருண்டை, குறுக்கே ஒற்றை நூல். பழனியப்பன் பிளாஸ்க்கைத் திறந்தார்.

"இப்ப எடுத்துக்குங்க சார். டீக்குப் போயிருப்பாங்க."

"யாரு?"

"நல்லாக் கேட்டீங்க போங்க! டீக்குப் பெல் அடிச்சவரே நீங்கதானுங்களே!" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. பதிவை ஓடவிட்டேன். எட்டு நாற்பதுக்கு மறுபடி அதிர்வு தொடங்கியது. இந்தக் கட்டுரையின் கீழே போட்டிருக்கும் படம் அந்த இடைவெளியில் கிடைத்ததுதான். என் மச்சானின் கம்பெனியிலிருந்து நான் கொண்டுவந்த ஒரே லாபம்.

போக நினைப்பவர்களுக்கு: டார்ச், கொசுவத்தி, முழு சார்ஜ் ஏற்றிய லேப்டாப் அவசியம். எட்டரைக்குள் ஃபோகஸை முடித்துத் தயாராக இருங்கள். பத்து நிமிடம் கிடைக்கும். அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள், நான் மேனேஜராக இருந்தவரை டீக்கு ஒரு நிமிடம்கூடக் கூடுதலாக விட்டதில்லை.