சின்னச் சட்டிக் கத்தரிக்காய்

சமைக்கத் தெரிந்தால் சாப்பாட்டுக்கடை நடத்தலாம் என்று சொல்கிறவர்கள், விடியக் காலமை நல்ல கத்தரிக்காய் தேடி ஒரு நாளும் அலையாதவர்கள். சமையல் இரண்டு மணி நேர வேலை. சமைப்பதற்கு உருப்படியான ஒரு சாமானைக் கண்டுபிடிப்பதுதான் முழுநேர உத்தியோகம். என்னைப்போலப் பையும் கையுமாகக் கடை கடையாக ஏறி இறங்குகிறவர்கள் இதை வாசித்துத் தலையாட்டுவீர்கள். மற்றவர்கள் கொஞ்சம் சிரித்துவிட்டுப் போங்கள்.

புதுக்குடியிருப்பில் பஸ் நிற்கும் இடத்துக்குக் கிட்ட எனக்கும் இவருக்கும் ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடை. இவர் என்பது என் கணவர். தேங்காய் துருவுவார், பார்சல் கட்டுவார், எல்லாவற்றுக்கும் அபிப்பிராயம் சொல்லுவார். எதிரே கலர் கலராக வெளிச்சம் போட்டு ஒரு பிரைட் ரைஸ் கடை வந்த பிறகு எங்கள் கதிரைகளில் ஈதான் உட்கார்ந்தது. பூட்டிவிடுவோமா என்று இருவரும் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்யும் சுகந்தி மிஸ் வந்தார். தாதிமாருக்குத் தினமும் மத்தியானம் இருபது பார்சல் வேண்டுமாம். கூடவே ஒரு நிபந்தனை. "மரக்கறி இஞ்ச விளைஞ்சதா இருக்கோணும், பூச்சிமருந்து அடிக்காததா இருக்கோணும். இல்லையெண்டால் ஓடரை நிப்பாட்டிப்போடுவன்."

இருபது பார்சல் போனால் கடை தப்பிவிடும். ஓம் என்று தலையை ஆட்டிவிட்டேன். ஆட்டும்போது சுகமாகத்தான் இருந்தது.

படிக்கப் போன மூட்டை

முதலில் சந்தையில் வழக்கமாக வாங்கும் பாலனின் கடைக்குப் போனேன். உள்ளூர்க் கத்தரிக்காய் இருக்கோ என்று கேட்டேன். "எல்லாம் உள்ளூர்தான் அக்கா" என்றார் பாலன். சொல்லிக்கொண்டே தூரத்துத் தம்புள்ளை மொத்தச் சந்தையில் இருந்து வந்த லொறியால் மூட்டை இறக்கினார். பொய் சொல்லும்போதாவது மூட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லலாம்.

கோபத்தில் ஒரு மூட்டையைப் புரட்டிப் பார்த்தேன். அதன் வாய் மஞ்சள் வலைநூலால் தைக்கப்பட்டிருந்தது. அந்தத் தையலை எனக்குத் தெரியும். எங்கள் பின்வீட்டுக்காரர் தோட்டம் செய்கிறவர், மூட்டை தைக்க வேறு நூல் பாவிக்கமாட்டார். முந்தாநாள் பின்னேரம் அவர் அதைத் தைத்ததைச் சமைத்துக்கொண்டே என் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றவள் நான். வேலிக்கு மேலால் கையை நீட்டி வாங்கியிருக்க வேண்டிய கத்தரிக்காய், தம்புள்ளைக்குப் போய், அங்கே ஒரு நாள் கிடந்து, முகம் வாடித் திரும்பி வந்திருக்கிறது. இதைச் சொன்னபோது பாலன் கொஞ்சமும் கூசவில்லை.

"நான் பொய் சொல்லேல்லை அக்கா. பிறந்தது இஞ்சதான், படிச்சது மட்டும் தம்புள்ளையில."

முட்டை குளித்தபோது

பின்வீட்டுக்காரரோ, முழுத் தோட்டத்தையும் லொறிக்காரர் விலை பேசிவிட்டதாகவும் மூன்று கிலோ குறைந்தாலும் அவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார் என்றும் கையை விரித்தார். கத்தரிக்காய் கிடைக்கும்வரை பார்சலில் ஒரு நாட்டுக்கோழி முட்டையை வைத்து மிஸ்மாரைச் சமாளிக்கலாம் என்று இவர் அபிப்பிராயம் சொன்னார். சைக்கிளில் முட்டை கொண்டுவரும் ராணியிடம் வாங்கினோம். அழகான மண்ணிற முட்டைகள்.

அவிக்கப் போட்டேன். தண்ணீர் மெல்ல மெல்லத் தேத்தண்ணி நிறமானது, முட்டைகள் மெல்ல மெல்ல வெள்ளைக்காரராகின. பண்ணை முட்டையைத் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்திருக்கிறாள். அடுத்த நாள் மறித்து வைத்துக் கேட்டேன். சைக்கிளில் இருந்து இறங்காமலே பதில் சொன்னாள்.

"இலங்கைத் தேயிலைக்கு உலகமெல்லாம் மரியாதை அக்கா, உங்களுக்கு மட்டும்தான் பிடிக்கேல்லை."

மூடி போட்ட வாளி

கிழமையில் ஒரு நாள் மீன் வைப்போம் என்று முல்லைத்தீவுக் கரைக்குப் போனேன். கடலுக்குப் பக்கத்தில் போனால் நல்ல மீன் கிடைக்கும் என்பது கடலுக்குப் பக்கத்தில் போகாதவர்களின் நம்பிக்கை. படகு வந்ததும் பாரையும் அறுக்குளாவும் நேராக ஐஸ் பெட்டிக்குள் ஏறின. பெட்டி லொறிக்குள் ஏறியது. லொறி கொழும்புப் பக்கம் திரும்பியது. மணலில் எனக்கென்று மிஞ்சிக் கிடந்தவை கண் சிவந்து, வயிறு வெடித்து, என்னைவிடக் களைத்துப்போயிருந்தன.

படகுக்காரரின் மனைவி ஸ்டெல்லா அக்காவின் காலடியில் மட்டும் மூடி போட்ட ஒரு வாளி இருந்தது. மூடியைத் தூக்கினேன். உள்ளே வெள்ளிபோல நாலு பாரை, இன்னும் வாலை அடித்துக்கொண்டிருந்தன. இது விலைக்கு இல்லையா என்றேன். அவர் மூடியை வாங்கி வாளியை மூடிவிட்டார். கோபமெல்லாம் இல்லை.

"இது எங்கட குசினிக்குப் பிள்ளை. கடலுக்குப் போறது நாங்கள், எங்களுக்கும் வாய் இருக்கெல்லே."

இரண்டு விதப் பாத்தி

கடைசியில் தண்ணீரூற்று என்ற ஊரில் இருக்கும் சிவலிங்கம் அண்ணையின் தோட்டத்தைப் பற்றி யாரோ சொன்னார்கள். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். நீளமான ஊதாக் கத்தரிக்காய்கள் எண்ணெய் பூசிவிட்டதுபோல் தொங்கின. ஒரு இலையிலும் ஓட்டை இல்லை. இவ்வளவு அழகு சும்மா வராது என்று எனக்குப் பட்டது. கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார், மூன்று நாளைக்கு ஒருக்கால் மருந்து.

திரும்ப வெளிக்கிட்டபோதுதான் கிணற்றடியில் நாலு பாத்தி கண்ணில் பட்டது. பச்சை வரி போட்ட உருண்டைக் கத்தரிக்காய். இலையெல்லாம் அரிதட்டுபோல ஓட்டை. இதற்கு என்ன நோய், என்ன வருத்தம் என்று கேட்டேன். வருத்தம் ஒன்றும் இல்லையாம், அது வீட்டுச் சாப்பாட்டுக்கு, அதற்கு மருந்தே அடிப்பதில்லையாம். எனக்கு உண்மையாகவே நெஞ்சு எரிந்தது. ஊருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. பாலன், ராணி, ஸ்டெல்லா அக்கா எல்லாருக்கும் சேர்த்து அவரிடம் ஒரு பாட்டம் பேசினேன். நாளைக்கு உங்களுக்கு ஊசி போடப்போகிற பிள்ளைகளுக்குத்தான் அண்ணை இந்தச் சாப்பாடு என்றும் சொன்னேன். ஊசி என்றதும் மனிதர் இளகினார். வீட்டுப் பாத்தியில் பாதியை எனக்குத் தர ஒத்துக்கொண்டார்.

"தாறன் தங்கச்சி, ஆனால் பூச்சியைக் கோவிக்கக் கூடாது. அது திண்டு பாத்துச் சொன்னாப் பிறகுதான் நாங்கள் திங்கிறனாங்கள்."

மிஸ்மாரின் முறைப்பாடு

முதல் மூன்று நாளும் ஆஸ்பத்திரியில் இருந்து பாராட்டுத்தான். நாலாம் நாள் சுகந்தி மிஸ் ஒரு பார்சலைத் திறந்தபடியே கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். கத்தரிக்காய்ப் பால்கறியில் ஒரு புழு. அதுவும் கறியோடு நன்றாக வெந்து, பதமாகத்தான் இருந்தது. மருந்து அடிக்காவிட்டால் பூச்சி வரும்தானே மிஸ் என்று விளக்கப் பார்த்தேன். அவர் பார்சலை மூடினார்.

"நஞ்சில்லாமல் வேணுமெண்டுதான் சொன்னனான் அக்கா, உயிரோட வேணுமெண்டு சொல்லேல்லை."

சின்னச் சட்டி

இனி ஒரு புழு போனால் ஓடர் போய்விடும், ஓடர் போனால் கடை போய்விடும். அதனால் அடுத்த கிழமையில் இருந்து சிவலிங்கம் அண்ணையிடம் இரண்டு விதமும் வாங்கத் தொடங்கினேன். புழு இருக்கவே முடியாத ஊதாக் கத்தரிக்காய் பெரிய சட்டியில், மிஸ்மாருக்கு. பூச்சி தின்ற உருண்டைக் கத்தரிக்காயை வெட்டி வெட்டிக் கழித்து, மிஞ்சிய கொஞ்சம் சின்னச் சட்டியில் எனக்கும் இவருக்கும். நல்ல காயைக் கொடுத்துவிட்டுச் சொத்தையைத் தின்கிறோமே என்று என் மேலேயே எனக்கு இரக்கமாக இருந்தது. இவரும் அது தியாகம்தான் என்று அபிப்பிராயம் சொன்னார்.

ஒரு மத்தியானம் தண்ணீர்ப் பம்பியைத் திருத்தக் கொடுத்துவிட்டுச் சிவலிங்கம் அண்ணை சாப்பிட வந்தார். பார்சல் எடுக்க வந்த சுகந்தி மிஸ்ஸும் வாசலில் நின்றார். அண்ணைக்கு இலை போட்டு, சோறு வைத்து, பெரிய சட்டியில் இருந்து கறியை அள்ளினேன். அவர் கையால் இலையை மறித்தார். அவர் பார்வை என்னைத் தாண்டிக் குசினிக்குள் போனது. அங்கே இவர் சின்னச் சட்டியை மடியில் வைத்து வழித்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, இது நான் விக்கிறது. எனக்கு அதில இருந்து போடுங்கோ."

சுகந்தி மிஸ் பெரிய சட்டியைப் பார்த்தார், சின்னச் சட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். புழுவைக் காட்டித் தப்பலாம் என்று வாய் எடுத்தவள், அகப்பையைத் திரும்பப் பெரிய சட்டிக்குள் வைத்தேன். ஸ்டெல்லா அக்காவின் வாளி மூடியைத் தூக்கிய கை இதுதானே. இவ்வளவு வெட்கம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. ஓடரை நிப்பாட்டுகிறேன் என்று சொல்லப்போகிறார் என்றுதான் நின்றேன். அவர் அன்றைய பார்சல் ஒன்றையும் எடுக்கவில்லை. படியில் இறங்கினவர் திரும்பி, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"நாளையில இருந்து இருபது வேண்டாம் அக்கா. அந்தச் சின்னச் சட்டி எத்தினை பேருக்குக் காணுமோ, அத்தினை பார்சல் கட்டுங்கோ. புழுவை நாங்கள் பாத்து எடுக்கிறம்."

இப்போது சின்னச் சட்டி ஆறு பார்சலாக ஆஸ்பத்திரிக்குப் போகிறது, கடை பாதி உயிரோடு இருக்கிறது, இவரும் நானும் தம்புள்ளையில் படித்த கத்தரிக்காயைச் சாப்பிடுகிறோம்.