கண்ணாடி விரியனும் என் காதும்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். கொருக்குப்பேட்டை தண்டவாளத்து ஓரம் ஆணி பொறுக்கித் தொடங்கி, எண்ணூர் போகிற சாலையில் சொந்தமாகப் பழைய இரும்புக் கிடங்கு வைத்தேன். கப்பல் தகடு, பாய்லர், டேங்க் எது வந்தாலும் துண்டு போடுவோம். இதை நான் போகிற இடமெல்லாம் சொல்வேன். கேட்காதவர்களிடமும் சொல்வேன். அதிலும் என் காதைப் பற்றி ஒரு வார்த்தை கூடவே சொல்வேன். கேஸ் கட்டிங் ஓஸில், அதாவது கேஸ் வருகிற ரப்பர் குழாயில், காற்று கசிந்தால் மற்றவர்கள் சோப்புத் தண்ணீர் தடவி நுரை வருகிறதா என்று பார்ப்பார்கள். நான் நின்ற இடத்திலிருந்தே கை காட்டுவேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், மார்கழி மாதத்து டீ நேரம். என்னிடம் இருபது வருடமாகத் தகடு வெட்டுகிறவர், எங்களுக்கெல்லாம் அவர் கட்டர்தான், கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அப்போது தகட்டுக் குவியலுக்குக் கீழே இருந்து உஸ்ஸென்று ஒரு சத்தம்.

"ஓஸ் லீக்காவுது. அந்தத் தகட்டுக்குக் கீழ கை வுட்டுப் பாரு" என்றேன்.

"வால்வு மூடிட்டேன் நைனா. அப்பால காத்து எப்டி வரும்? வேற இன்னாவோ கீது."

"ஓஸுக்குள்ள மிச்சக் காத்து கீது. எனக்கே பாடம் எடுக்கிறியா?"

"சத்தம் நின்னு நின்னு வருது நைனா."

அவர் சொன்னது சரி. ஓஸில் கசிகிற காற்று மூச்சு வாங்காது. இது வாங்கியது. என் காதுக்கும் அது தெரிந்தது. ஆனால் லோடு ஏற்ற வந்த லாரிக்காரர்கள் நாலு பேர் டீ கிளாஸோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் முன்புதான் அவர்களிடம் என் காதைப் பற்றிச் சொல்லி முடித்திருந்தேன்.

"இன்னா மாமு, கை வுட பேஜாரா கீதா? வளையல் வாங்கியாந்து போட்டு வுடவா?" என்றேன்.

அவர்கள் சிரித்தார்கள். கட்டர் சிரிக்கவில்லை. குனிந்து கையை விட்டார்.

கையை வெடுக்கென்று இழுத்தபோது கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு புள்ளி. தகட்டைப் புரட்டினோம். அது ஓடவில்லை. ஓர் எலி வளைக்குப் பக்கத்தில், துருவின் நிறத்தில், முதுகில் சங்கிலி கோத்த மாதிரி வட்டங்களோடு சுருண்டு கிடந்தது. லாரிக்காரர் ஒருவர் மலைப்பாம்புக் குட்டி என்றார். யாரோ போனில் படம் எடுத்தார்கள்.

என் காரிலேயே கொண்டுபோனேன். கையில் கயிறு கட்ட விடவில்லை, வேர் கொடுக்கவும் விடவில்லை. அந்த மட்டில் சரியாகச் செய்தேன். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் நிறுத்திவைத்தார். பிறகு சாய்த்தார். உறையாமல் தண்ணீராக ஓடியது. படத்தைப் பார்த்து, கண்ணாடி விரியன் என்றார்.

"இது தொரத்திப் போய் வேட்டையாடாது. எலி வர்ற வழியில ஆடாம அசையாம நாள் கணக்கா கெடக்கும். எலியைக் கடிச்சா உடனே விட்டுரும். எலி ஓடிப்போய் சாவும், அப்புறம் மோப்பம் புடிச்சுப் போய் முழுங்கும். மனுஷன் அதுக்குத் தேவையே இல்ல. கிட்ட வராதன்னு குக்கர் மாதிரி சீறும். இவ்ளோ பெரிசுன்னா நல்லா சத்தமா சீறியிருக்குமே, யாருக்கும் கேக்கலியா?"

கட்டரின் மனைவி பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தார்.

"கட்டிங் சத்தத்துல கேக்கல சார். அவராதான் கைய வுட்டாரு" என்றேன்.

விஷமுறிவு மருந்து பாட்டில் பாட்டிலாக ஏறியது. சிறுநீரகம் நின்றுபோய், நாலு முறை டயாலிசிஸ் செய்தார்கள். பிழைத்தார். வார்டு வாசலில் அந்த அம்மா என்னைக் கும்பிட்டு, "நீங்க இல்லன்னா இவரு இல்ல நைனா" என்றார். நான் தலையாட்டினேன். அதோடு விட்டேனா? கயிறு கட்டாமல் காரில் பறந்த கதையை டீக்கடையில் சொன்னேன், கல்யாண வீட்டில் சொன்னேன். ஒருமுறை கட்டர் பக்கத்தில் இருக்கும்போதே சொன்னேன். அவர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கையில் இரண்டு விரல் மடங்காது. தகடு வெட்டுகிற டார்ச்சைப் பிடிக்க முடியாது. இப்போது என் கிடங்கு வாசலில் உட்கார்ந்து, வருகிற லாரிகளின் நம்பரை இடது கையால் எழுதுகிறார். சின்னப் பிள்ளை எழுதுகிற மாதிரி ஒவ்வோர் எழுத்தாக. அதைப் பார்த்துக்கொண்டே தினமும் உள்ளே போக என்னால் முடியவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூரில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா மீன் செதில் உரசிக்கொண்டிருந்தார். கட்டர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தாம்மா கை வுடச் சொன்னேன். அவரு வேணான்னாரு. நாலு பேரு முன்னால கிண்டல் பண்ணி வுட வச்சேன்."

செதில் உரசுகிற கை நிற்கவில்லை. "தெரியும் நைனா. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியாந்ததுமே, நீங்க சீட்டு போடப் போனப்ப சொல்ட்டாரு."

"அப்புறம் ஏம்மா என்னைக் கும்பிட்ட?"

"டாக்டரு கேக்கறப்போ சொல்லுவீங்கன்னு பாத்தேன். சொல்லல. கும்பிட்டாலாவது சொல்லுவீங்களான்னு பாத்தேன்."

கட்டர் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. ஆனால் நான் பேச ஆரம்பித்தபோதே அதன் சத்தத்தைக் குறைத்துவைத்திருந்தார்.