நான் பாதியில் நிறுத்திய வீச்சு

கம்பு என் வீட்டுக்காரருடைய இடது புருவத்தின் மேல் விழுந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. கோத்தகிரிப் பக்கம் எங்கள் எஸ்டேட்டில் மாரியம்மன் திருவிழா. சிலம்பத்தில் எதிரே நின்றவர் பக்கத்து எஸ்டேட் லாரி டிரைவர். அவர் வீசியது சாதாரண வீச்சுதான். ஆனால் என் வீட்டுக்காரர் அதைத் தடுக்கக் கையைக்கூட உயர்த்தவில்லை. ஏன் என்பது அந்தக் கணத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

சிலோனிலிருந்து கப்பலேறி வந்து அப்போது இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. கண்டிப் பக்கத்துத் தோட்டத்தில் அவர் கம்பெடுத்தால் வேடிக்கை பார்க்க லயத்து வரிசை வீடுகள் அத்தனையும் கூடும். இங்கே நாங்கள் ‘சிலோன்காரங்க’. அவரோடு ஜோடி சேர ஆளில்லை. தேயிலைக் கொழுந்து எடை போட்டுவிட்டு வந்த ஒரு சாயங்காலம், அவர் தனியாகச் சுற்றுவதைப் பார்க்கப் பொறுக்காமல் விறகுக் கட்டிலிருந்து ஒரு கம்பை உருவிக்கொண்டு எதிரே போய் நின்றேன். அன்றிலிருந்து தினமும் ஒரே வரிசைதான்: காலுக்கு, இடுப்புக்கு, தலைக்கு. முதல் இரண்டையும் நன்றாகவே வீசுவேன். தலைக்கு வரும்போது மட்டும் என் கை ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிடும். அவரும் அதைத் தடுப்பதை மெல்ல மெல்ல விட்டுவிட்டிருந்தார்.

டிஸ்பென்சரியில் நான்கு தையல். “ஏனுங்க, ஊட்டுக்காரம்மா கூடவா பழகுனீங்க?” என்று, நடந்ததைக் கேட்ட கம்பவுண்டர் சிரித்தார். நான் அழுதேன்.

“நீ அடிக்க மாட்டேன்னு என் கைக்குத் தெரிஞ்சு போச்சு புள்ள,” என்றார் அவர். “அந்த ஆளுக்கு அது தெரியலயே.”

தையல் பிரித்த மறுநாள் கம்பை நீட்டினார். “நிறுத்தாம அடி.”

“என்னால முடியாதுங்க.”

“அப்ப இனிமே நான் ஆடல.”

நான்கு நாள் கம்புகள் சுவரோரம் கிடந்தன. ஐந்தாம் நாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு வீசினேன். தோளில் பட்டது. “கண்ணத் தொறந்துகிட்டு அடி,” என்றார், தோளைத் தேய்த்தபடி. அடுத்த வீச்சை அவர் தடுத்த வேகத்தில் என் உள்ளங்கை எரிந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

மறுவருடத் திருவிழாவில் அதே டிரைவரின் ஒரு வீச்சுகூட அவர்மேல் படவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த டிரைவர் கம்போடு எங்கள் லயத்துக்கே வந்துவிட்டார். “ஏனுங்க, என்ற கூட ஆடறீங்களா?” அப்புறம் பல வருடம் அவர்தான் ஜோடி.

அந்த டிரைவர் இப்போது இல்லை. இவருக்கு எழுபது தாண்டிவிட்டது. வெயில் அடிக்கும் காலைகளில் வாசலில் மறுபடியும் நான்தான் எதிரே நிற்கிறேன். போன வாரம் தலைக்கு வீசியபோது அவர் கம்பு எழத் தாமதமானது. அது வந்து சேரும்வரை என் கை ஒரு சாண் முன்னால் காத்து நின்றது.

“நிறுத்திட்டியா புள்ள?”

“இல்லீங்க. நீங்கதான் தடுத்துட்டீங்க.”

அவர் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறினார்.