அதே செடியின் மகரந்தம்

தாவரவியல் தோட்டத்தில் எல்லோரும் அவளை வண்டு என்றுதான் கூப்பிட்டார்கள். வண்டோ தேனீயோ செய்யவேண்டிய மகரந்தச் சேர்க்கை வேலையை அவள் பல்குச்சியும் பூதக்கண்ணாடியுமாகச் செய்துகொண்டிருந்தாள்.

அவள் பொறுப்பில் இருந்த ஆர்கிட் பொல்லாத பூ. பெட்டைத் தேனீபோல வேஷம் கட்டி ஆண் தேனீயை வரவழைக்கும். ஒரு சொட்டுத் தேன் தராது. ஏமாந்த தேனீ தலையில் ஒட்டிய மகரந்தக் கட்டியோடு வெகுதூரம் பறந்துபோய், வேறொரு செடியில் மறுபடி ஏமாறும்.

"சொந்தத்துக்குள்ளயே கட்டிக்கக் கூடாதுன்னு அது படுற பாட்டைப் பாரு," என்று சிரிப்பார் கண்ணாடி வீட்டுக்குப் பொறுப்பான அதிகாரியம்மா. "கலந்தாத்தான் பிள்ளைங்க வேற வேறயாப் பிறக்கும். நோய் வந்தா ஒண்ணாவது தப்பிக்கும். ஆர்கிட் இத்தனை ஆயிரம் வகையாப் பெருகினதுக்கும் இதெல்லாம்தான் காரணம்."

அந்தத் தேனீ அற்றுப்போயிருந்தது. செடியும் இரண்டே மிச்சம்: மேற்கு மலையில் எடுத்தது ஒன்று, கிழக்கு மலையில் எடுத்தது ஒன்று. இரண்டும் ஒருசேரப் பூக்க மூன்று வருஷம் காத்திருந்தார்கள்.

பூத்த அன்று கிழக்குச் செடியின் மகரந்தக் கட்டி குச்சி நுனியிலிருந்து நழுவி, மேஜைக் கம்பிகளுக்கு நடுவே விழுந்து, தரையில் ஓடிய தண்ணீரோடு போய்விட்டது. அந்தச் செடியில் இருந்ததே ஒரு பூதான்; காய் தாங்கும் தெம்பும் அதற்கு இல்லை. வெளியே அதிகாரியம்மாவின் செருப்புச் சத்தம். மேற்குச் செடியின் மகரந்தத்தையே எடுத்து அதன் பூவிலேயே வைத்தாள். சீட்டில் 'மேற்கு, கிழக்கு' என்று எழுதிக் கட்டினாள்.

காய் பருத்தது. எல்லோரும் பாராட்டினார்கள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த மழையில் கிழக்குச் செடி அழுகிச் செத்தது. உண்மையைச் சொல்ல இருந்த கொஞ்ச தைரியமும் அதோடு போயிற்று.

விதை முளைத்து, குப்பிகளுக்குள் நாற்றுகள் வெளிறி, நோஞ்சானாகி, ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. அதிகாரியம்மா ஊட்டத்தை மாற்றினார், விளக்கை மாற்றினார். "என் கைதான் ராசியில்ல போல," என்று ஒருநாள் கண் கலங்கினார். அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை.

"உங்க கை இல்ல மேடம், என் கை. கிழக்குச் செடியோட தூள் கீழ விழுந்துடுச்சு. மேற்குச் செடிக்கு அதே செடியோடதைத்தான் வச்சேன்."

அதிகாரியம்மா கையிலிருந்த குப்பியைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா திட்டியிருப்பேன். அவ்வளவுதானே? செடி அப்போ உயிரோட இருந்துச்சு. எப்படியாவது காப்பாத்தி இன்னொரு தடவை பூக்க வச்சிருப்பேன்."

வேலை போகவில்லை. பல்குச்சி வேறொருத்தி கைக்குப் போனது. அவள் குப்பி கழுவப் போனாள். விடுமுறை நாளில் கிழக்கு மலைக்கு அந்த ஆர்கிட்டைத் தேடப் போகிறவர்களோடு அவளும் ஏறுகிறாள், பாறை பாறையாகக் குனிந்து பார்த்தபடி.

"ஒரு பூவுக்காகவா இந்தப் பாடு?" என்று கணவர் கேட்டால், "ஆமாங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். இதுவரை ஒரு செடிகூட அகப்படவில்லை.