அம்மா பார்க்காத கூடம்

அம்மா இருபத்திரண்டு வருஷம் அந்தப் பங்களாவில் துணி துவைத்தாள். சாயங்காலம் வீடு திரும்பியதும் நானும் தங்கையும் பங்களாவின் கூடத்தைப் பற்றிக் கேட்டு நச்சரிப்போம். வெடித்த விரல்களில் எண்ணெய் தடவிக்கொண்டே, வளைந்து ஏறும் படிக்கட்டையும் கலர் கண்ணாடி ஜன்னல்களையும் கண்முன்னே கொண்டுவந்து நிறுத்துவாள்.

முதலாளி குடும்பம் ஊரைவிட்டுப் போனபின் பங்களா பாழடைந்தது. அதை இடிக்கும் முன் அளவெடுக்கும் வேலை, சர்வேயரான எனக்கு வந்தது. கூரை பாதி சரிந்திருந்தது. சுவரைப் பிளந்துகொண்டு மரம் வளர்ந்திருந்தது. கூடத்துக்குள் போனேன். படிக்கட்டு நேராகத்தான் ஏறியது. ஜன்னல்கள் வெறும் மரப்பலகை. கண்ணாடி பதித்த அடையாளமே இல்லை.

பின்பக்கத்துச் சலவை அறைக்குள் குனிந்துதான் நுழைய முடிந்தது. அங்கிருந்து தோட்டத்துக்கு மட்டுமே வழி. வீட்டுக்குள் போக ஒரு கதவுகூட இல்லை. கல்தொட்டியின் விளிம்பு, ஆள் நின்று துவைக்கும் இடத்தில் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டில் அம்மா கேட்டாள், "கூடம் எப்படிடி இருக்கு?"

"நீ சொன்ன மாதிரியே இருக்கும்மா. தூசிதான் அடைஞ்சு கிடக்கு."

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொய் சொல்லாத. நான் அதுக்குள்ள போனதே இல்ல. நீங்க ரெண்டு பேரும் ஆசையா கேட்டீங்க, இல்லைன்னு சொல்ல மனசு வரல."

நான் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"சரி, இப்ப நீ சொல்லு. உள்ள என்னதான் இருந்துச்சு?"

வாசல்படியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.