கூரை ஷீட்டுக்குக் கேட்ட மன்னிப்பு

வீட்டு முன்பக்கம் போட்ட ஷெட்டின் கலர் ஷீட், முதல் மழைக்காலம் முடிவதற்குள் துருப்பிடித்துவிட்டது. நீலப் பெயின்ட் படை படையாக உரிந்தது. ஸ்க்ரூ முடுக்கிய இடமெல்லாம் ஓட்டை. மழை வந்தால் உள்ளே நிற்பதும் ஒன்றுதான், தெருவில் நிற்பதும் ஒன்றுதான்.

அது சும்மா போட்ட ஷெட் இல்லை. என் வீட்டுக்காரர் துபாயில் ஏசி மெக்கானிக். ஷெட் தயாரானதும் அங்கே முடித்துக்கொண்டு வந்து, ஊரிலேயே ஏசி, ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை போடுவதாகச் சொல்லியிருந்தார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் லீவில் வந்துபோகும் மனிதர்தான். இந்த ஷெட் நின்றால்தான் அவர் வந்து நிற்பார். ஷீட் ஒழுகும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்புதான் வரும்.

கடைக்காரர் எங்கள் பள்ளிவாசல் ஜமாஅத்துக்காரர்தான். காக்கா என்று கூப்பிடுவேன், அண்ணன் முறை. ஷீட் விற்கும்போது, "உப்புக்காத்துக்குன்னே செஞ்சதும்மா, ஒங்க பேரன் காலத்துக்கும் கெடக்கும்" என்றார். துருவைக் காட்டியதும் கம்பெனியைக் கைகாட்டினார். கம்பெனிக்குப் போன் போட்டால் கடைக்காரரிடம் கேட்கச் சொன்னார்கள். கடைசியில் மதுரையிலிருந்து ஓர் ஆள் வந்து, நகத்தால் சுரண்டிப் பார்த்து, போட்டோ எடுத்து, "கடலோர வீட்டுக்கெல்லாம் வாரண்டி கெடையாதும்மா" என்றார். ஷீட் ஏற்றி வந்த லாரி எங்கள் தெருமுனை மணலில் புதைந்தபோது தெருவே கூடித் தள்ளிவிட்டது. அப்போது யார் கண்ணுக்கும் கடல் தெரியவில்லை போலிருக்கிறது.

"கேஸப் போடு, விடாத" என்று போனில் சொன்னவர் வீட்டுக்காரர்தான். கடைக்காரர் மேலும் கம்பெனி மேலும் போட்டேன். பில் என் பேரில் இருந்ததால் அலைச்சலும் என் பேருக்கே எழுதியாகிவிட்டது. பஸ் பிடித்து ராமநாதபுரம் போய், நுகர்வோர் கோர்ட்டு வராண்டாவில் மத்தியானம் வரை உட்கார்ந்திருப்பேன். வக்கீல் வெளியே வந்து, "இன்னைக்கும் வாய்தாதாம்மா" என்பார். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போவேன். ஆரம்பத்தில் எனக்குக் கோபம் இருந்தது. பிறகு அதற்கும் தெம்பு இல்லாமல் போனது.

ஒருநாள் வீட்டுக்காரர் போன் செய்தார்.

"கடைக்கார காக்கா கூப்புட்டாக. ஹஜ்ஜுக்குப் போறாகளாம். அழுதுட்டாக, பாவம். நான் ஹலாலாக்கிட்டேன்."

ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்கள் தெரிந்தவர்களிடமெல்லாம், பேச்சில், கொடுக்கல் வாங்கலில் வந்த குறையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பது எங்களிடம் வழக்கம். கேட்டால், ஹலாலாக்கிட்டேன் என்று சொல்லிவிட வேண்டும். அதற்குப்பிறகு அந்தக் கணக்கை யாரும் எடுக்கமாட்டார்கள். சொல்ல மறுத்த ஆளை நான் பார்த்ததே இல்லை.

"எத ஹலாலாக்குனீக?"

"எல்லாத்தையுந்தான். கேஸ வாபஸ் வாங்கிரு."

"அப்ப ஷீட்டு?"

"இன்னொரு காண்ட்ராக்ட் போட்டா புதுசு வாங்கிறலாம். விடு."

எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார். இன்னொரு காண்ட்ராக்ட் என்றால் அவர் ஊருக்கு வருவது இன்னும் வருஷக்கணக்கில் தள்ளிப்போகும்.

காக்கா புறப்படுவதற்கு முந்தின நாள் அவர் வீட்டில் விருந்து. நானும் போனேன். பயணம் சொல்லிக்கொள்ள, பெண்கள் இருந்த பக்கத்துக்கு அவர் வந்தபோது எழுந்து நின்றேன்.

"காக்கா, எல்லார்கிட்டயும் கேட்டீக. ஏங்கிட்ட கேக்கலியே."

"ஒங்க மாப்புளதான் ஹலாலாக்கிட்டாரேம்மா."

"அது அவுக பங்கு. அலஞ்சவ நான். ஏம் பங்கு பாக்கியிருக்கு."

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். எல்லாரும் பார்த்தார்கள். "சரிம்மா, நீயும் ஹலாலாக்கிரு" என்றார் கீழே பார்த்துக்கொண்டே.

"ஷீட்ட மாத்திக் குடுங்க. இப்பவே ஆக்குறேன்."

"போயிட்டு வந்து பாப்போம்மா."

"அப்ப நானும் நீங்க போயிட்டு வந்தப்புறம் ஆக்குறேன்."

பின்னால் யாரோ, என் பேச்சுக்கு அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்பதுபோல் 'அஸ்தக்ஃபிருல்லாஹ்' என்றார்கள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். தப்புச் செய்துவிட்டோமோ என்ற பயமும் இருந்தது, அதை மறைக்கமாட்டேன்.

வீட்டுக்கு வருவதற்குள் செய்தி துபாய்க்குப் போய்விட்டது. கதவைத் திறக்கும்போதே போன் அடித்தது.

"ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? ஹஜ்ஜுக்குப் போற மனுசன இப்புடியா மனசக் கஷ்டப்படுத்தி அனுப்புவ?"

திட்டி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். பதிலுக்குச் சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

"மச்சான், அவுக போன வேகத்துல வந்துருவாக. நீங்க எப்ப வருவீக?"

லைன் போய்விட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இருந்தது.

பிறகு, "அடுத்த வாய்தா என்னைக்கு?" என்று கேட்டார்.