இரண்டாம் அணி மாப்பிள்ளை

டெலிபோன் அட்டையின் வெள்ளிப் பூச்சைச் சில்லறைக் காசால் சுரண்டும்போது ஒரு மணம் வரும், பழைய அழிறப்பரை நகத்தால் கிள்ளியதுபோல. புலம்பெயர்ந்து வந்து நாங்கள் கிரவீனில் இருந்த வீட்டில் அந்த மணம் வந்தால் அப்பா வெளிநாட்டுக்குப் பேசப்போகிறார் என்று அர்த்தம். சுரண்டுவதற்கு முன்னால் அவர் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார், கடைக்காரர் ஏற்கெனவே சுரண்டிவிட்டுத் திரும்பவும் பூசி வைத்திருக்கிறாரோ என்று. இவ்வளவு நிமிடம் மிச்சம் இருக்கிறது என்று அட்டைக்காரியின் பதிவுக்குரல் சொன்னதும், "பொய் சொல்லுறாள்" என்று எங்களைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் எண்ணை அழுத்துவார்.

அப்பா கெட்ட மனிதர் அல்லர். கண்ணாடி இல்லாமல் வெளியே போனாலும் போவார், சந்தேகம் இல்லாமல் போகமாட்டார், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் தன் புல்லை வெட்டுகிற கையோடு எங்கள் பக்கத்தையும் வெட்டிவிட்டால், இந்த மனுசனுக்கு எங்களிடம் என்ன வேணும் என்று இரவுச் சாப்பாடு வரைக்கும் யோசிப்பார். ஊரிலே சண்டைக்குள் நாங்கள் பட்ட பாட்டைப் பட்டால் யாருக்கும் இப்படித்தான் வரும் என்று அம்மா அவருக்காகப் பரிந்து பேசுவார். அந்தக் குணம் எனக்கும் நன்றாகவே தொற்றியிருந்தது. பதின்மூன்று வயதில் நான் பள்ளிக்கூடத்து நண்பிகள் தருகிற சொக்கலேற்றைக்கூடத் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவேன்.

எங்கள் வீட்டில் யாருமே சந்தேகப்படாத ஒரே ஆள் சித்தி, அம்மாவின் தங்கை. என் அறையில், மற்றக் கட்டிலில் படுப்பார். விடியற்காலையில் எழும்பி, செவன் ஹில்ஸில் மருந்துப் பெட்டி அடுக்குகிற ஒரு பண்டகசாலைக்கு வேலைக்குப் போவார், வந்ததும் சமைக்கக் குசினிக்குள் நுழைவார். சித்திக்கு என்ன பிடிக்கும் என்று யாரும் கேட்டு நான் கண்டதில்லை. மீன்குழம்பில் தலை மிஞ்சினால் சித்தி சாப்பிடுவார்; காரில் இடம் போதாவிட்டால் சித்தி வீட்டில் நின்றுகொள்வார். முப்பது தாண்டியும் கலியாணம் ஆகவில்லை என்பது அம்மாவுக்குத்தான் கவலையாக இருந்தது, சித்தி அதைப்பற்றி வாய் திறந்ததே இல்லை.

இரண்டாயிரத்துப் பதினொன்று என்று நினைக்கிறேன், எங்கள் தெருவில் ஜக்கரண்டா பூத்துக் கொட்டிக்கொண்டிருந்த மாதத்தில், ஜெர்மனியிலிருந்து சித்திக்கு ஒரு சம்பந்தம் வந்தது. சாதகம் பொருந்தியது, படங்கள் கைமாறின, இரண்டு பேரும் சில தடவை போனில் பேசியும் கொண்டார்கள். மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று அம்மா கேட்டபோது, சித்தி வெங்காயம் வெட்டிக்கொண்டே ஒரு கிளப்பின் பெயரைச் சொல்லி, "அதில புட்போல் விளையாடுறாராம்" என்றார். அது அப்பாவுக்கே தெரிந்த பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் டிவியில் வருகிற பெரிய கிளப்.

அன்றோடு வீட்டில் நிம்மதி போயிற்று. கணக்காளர் என்றால் நம்பலாம், கடை வைத்திருக்கிறார் என்றாலும் நம்பலாம், ஜெர்மன்காரரின் கிளப்பில் எங்கள் பொடியன் பந்தடிக்கிறான் என்றால் யார் நம்புவது? அடுத்த ஞாயிறு அப்பா கதிரையை டிவிக்குக் கிட்ட இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, பந்தைப் பார்க்காமல் முகங்களை மட்டும் பார்த்தார். கோல் விழுந்தபோது அவர் கோல் அடித்தவனுக்குப் பின்னால் நின்றவர்களைத் தேடினார். ஓரத்தில் மாற்று ஆட்டக்காரர் வரிசையாக உட்கார்ந்திருக்கும் வாங்கைக் காட்டியபோது எழுந்தே விட்டார். நானும் பக்கத்தில் நின்று தேடினேன். கிளப்புக்காக மிருக வேசம் போட்டுக்கொண்டு துள்ளுகிற ஆள்தான் மாப்பிள்ளையாக இருக்கவேண்டும் என்று என் பங்குக்கு ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

எங்களில் கலியாணம் என்றால் "விசாரிக்கிறது" என்று ஒன்று உண்டு. சம்பந்தப்பட்ட ஊரில் யாராவது தெரிந்தவரைப் பிடித்து, ஆளைப்பற்றி அக்கம்பக்கத்தில் கேட்டு அறிவது. மாப்பிள்ளை வீட்டாரும் சும்மா இருக்கவில்லை. மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் முன்பின் தெரியாத ஓர் அன்ரி எனக்கு வடை தந்து, சித்தி வீட்டில் சத்தம் போடுவாவோ என்று கேட்டார். அப்பா பிடித்த ஆள் பாலா அங்கிள், அவரோடு ஊரில் ஒன்றாகப் படித்தவர், ஜெர்மனியில் இருந்தார். ஒரு சனிக்கிழமை அவர் காரை எடுத்துக்கொண்டு கிளப்பின் பெரிய மைதானத்துக்கே போய்விட்டு அப்பாவுக்குப் போன் எடுத்தார்.

"வாசல்ல நிண்டவையைக் கேட்டனான், கடையில நிண்ட பெட்டையையும் கேட்டனான். படத்தையும் காட்டினனான். ஒருத்தருக்கும் அந்த ஆளைத் தெரியாது மச்சான்."

அப்பா போனை வைத்துவிட்டு, "முடிஞ்சுது. ஆள் கள்ளன்" என்றார். அம்மா அழுதார். "அவசரப்படாதேங்கோ, காயப்பட்டு ஆஸ்பத்திரியில இருக்கிறாரோ என்னவோ" என்றும் அழுகைக்கு நடுவில் சொல்லிப் பார்த்தார். சித்தி அடுத்த நாள் வேலைக்குப் போடும் சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தார். சட்டையின் ஒரே கையைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன், ஆனால் அதைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் மாலை, சம்பந்தம் வேண்டாம் என்று நேரடியாகச் சொல்லிவிடுவதற்காக அப்பா மாப்பிள்ளைக்குப் போன் எடுத்தார். நாங்கள் எல்லோரும் கேட்கவேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, நீர் அந்தக் கிளப்பில விளையாடுறீரோ இல்லையோ? உண்மையைச் சொல்லும்."

"ஓம் அண்ணை, விளையாடுறன். ரெண்டாவது ரீமில."

சின்ன வயதிலேயே போனவர் என்பதால் தமிழ் அவருக்குத் தட்டுத்தடுமாறித்தான் வந்தது. அந்தக் கிளப்புக்கு இரண்டு அணிகள் உண்டாம். டிவியில் வருவது முதலாவது. இரண்டாவதில் அதற்குத் தயாராகிற பொடியள் விளையாடுவார்கள். வயது கூடியவர்கள் இரண்டு மூன்று பேரைத்தான் அதில் சேர்த்துக்கொள்வார்கள். பொடியள் பதறாமல் பின்னால் நின்று பார்த்துக்கொள்வது அவர்களுடைய வேலை. ஆட்டம் நடப்பதும் பெரிய மைதானத்தில் இல்லை, கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் இருக்கிற சின்னதில். பாலா அங்கிள் அதன் வேலியோரமாகத்தான் காரை விட்டிருக்கிறார்.

அப்பா விடவில்லை. "அப்ப உம்மை எப்ப மேல ஏத்துவினம்?"

"இனி ஏத்தமாட்டினம் அண்ணை. பொடியள் போவாங்கள், நான் நிப்பன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இதெல்லாம் அவவுக்கு முதல் நாளே சொன்னனான். உங்களுக்குச் சொல்லேல்லையோ?" என்றார்.

நாங்கள் மூவரும் சித்தியைத் திரும்பிப் பார்த்தோம். சித்தியின் முகம் சிவந்து போயிருந்தது, ஆனால் தலை குனியவில்லை.

"ரெண்டாவது எண்ட சொல்லைக் கேட்டவுடனேயே நீங்கள் வேண்டாமெண்டிருப்பீங்கள் அத்தான். ரெண்டாந்தரம், பெயில் விட்ட ஆள் எண்டிருப்பீங்கள். அதான் மறைச்சனான். பாலா அண்ணை அந்த மைதானத்தைக் கண்டுபிடிச்சு, அவர் விளையாடுறதைப் பார்த்திட்டு வந்து நல்லதாச் சொல்லுவார் எண்டு இருந்தன்."

"உனக்கு எங்கயிருந்தடி இவ்வளவு துணிவு வந்தது?" என்று அம்மா கேட்டார்.

"எனக்கு அவர் வேணும் அக்கா" என்றார் சித்தி.

அந்த வீட்டில் சித்தி "வேணும்" என்று சொன்னதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கடைக்காரரைச் சந்தேகித்தோம், அட்டைக்காரியைச் சந்தேகித்தோம், முகம் தெரியாத ஒரு மனிதரைக் கள்ளன் என்றோம். பக்கத்தில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவரை மட்டும் விட்டுவிட்டோம். ஒருவருக்கு உள்ளே ஓர் ஆசை இருக்கும் என்று நினைத்தால்தானே அவரைச் சந்தேகிக்க முடியும். சித்திக்கு அப்படி ஒன்று இருக்கும் என்று நினைக்காமல் போனது எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

நேராகப் பதில் சொல்லுகிற ஆளிடம் என்ன செய்வது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. பிறகு இன்னும் ஸ்பீக்கரில் இருந்த போனுக்குக் கிட்டக் குனிந்து, "தம்பி, கலியாணத்தை அங்க வைக்கிறதோ, இங்க வைக்கிறதோ?" என்று கேட்டார்.

சித்தி ஜெர்மனிக்குப் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அந்த இரண்டாவது அணி இப்போது இல்லை. அது தேவையில்லை என்று கிளப்பே கலைத்துவிட்டது. சின்ன மைதானத்தையும் கார் நிறுத்துமிடத்தோடு சேர்த்துவிட்டார்களாம். சித்தப்பா வேறோர் இடத்தில் சிறுவர்களுக்குப் பந்தடிக்கப் பழக்குகிறார். இப்போது யாரும் ஆள் வைத்து விசாரிப்பதுமில்லை, பிள்ளைகள் தாங்களே தேடிப் பார்த்துக்கொள்கிறார்கள்.

போன மாதம் நான் ஒருவரை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அவருடைய படிப்பு, வேலை, தாய் தகப்பன் என்று அப்பா கேட்கக்கூடிய எல்லாவற்றுக்கும் பதிலை இருவரும் பாடமாக்கியிருந்தோம். அப்பா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, மழையைப்பற்றிப் பேசி, வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு, திரும்பி வந்து என் முன்னால் உட்கார்ந்தார்.

"பொடியன் நல்லவன்தான் போலக் கிடக்கு. நீ என்னத்தை மறைக்கிறாய், அதைச் சொல்லு."

என்னை அப்பா சந்தேகித்தது அதுதான் முதல் தடவை. சித்தியின் ஞாபகம் வந்து, சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கதவைச் சாத்திவிட்டு வந்து, அவருக்கு எதிரே இருந்து, சொல்லத் தொடங்கினேன்.